சின்னவரின் தீனி

என் தம்பி எனக்கு நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது தர வேண்டும். முன்பல் உடைந்தபோது வாங்கினான். துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள், பல் இல்லாதவனைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவார்களா என்று கேட்டான். நான் அப்போது ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கொடுத்தேன். பல் கட்டிக்கொண்டான், வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பல்லைக் காட்டித்தான் எல்லாரையும் சிரிக்க வைத்தான். பணத்தைக் கேட்டாலும் அதே பல்லைத்தான் காட்டுவான். "அண்ணன் தம்பிக்குள்ள என்னண்ணே கணக்கு" என்பான்.

இதை முதலிலேயே எழுதிவிடக் காரணம், பணத்துக்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் பின்னால் நினைத்துவிடக் கூடாது. பணத்துக்காக இல்லை.

நீங்கள் மூன்று பேர் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நடுவில் இருந்த ஐயா, "எழுதத் தெரியுமா, இல்ல நீங்க சொல்லச் சொல்ல நாங்க எழுதிக்கவா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். என் தம்பியின் புற்றுச் செல்லோடு வேறு செல் எப்படிக் கலந்தது, டாக்டரம்மா வேலையில் அசட்டையாக இருந்து பார்த்ததுண்டா, பார்த்ததை எழுதுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்து இந்த அறையில் உட்கார வைத்தீர்கள். ஒரு தாள் போதாது என்று தோன்றியதால் அலமாரியிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். என் சட்டைப்பை நனைந்திருப்பதைப் பார்த்து வேர்வையா என்று கேட்டீர்கள். வேர்வை இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டாக்டரம்மா அசட்டையாக இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாய் சம்பந்தப்பட்ட வேலைதான் நடக்கிறது. ஈறு ஏன் வீங்குகிறது, வீக்கம் வற்றாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதே இடத்தில் புற்று எப்படிக் கிளம்புகிறது, கிளம்பியதை எந்த மருந்து கொல்லும், இப்படி. ஆளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்து பார்க்க முடியாது. ஆளிடமிருந்து பட்டாணி அளவு சதையை வாங்கி, செல் செல்லாகப் பிரித்து, தட்டில் ஊற்றி வளர்ப்பார்கள். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குள் அது வளரும். அதற்குத் தின்ன இளஞ்சிவப்பாக ஒரு தண்ணீர் உண்டு. தீனி என்போம். செல் தின்று தீர்த்துவிட்டால் அது மஞ்சளாகிவிடும்.

பாட்டில் கழுவுவது, ஆவியில் வேகவைப்பது, பெட்டிக்கு நீர் ஊற்றுவது, செல்களை உறையவைத்திருக்கும் தொட்டிக்குத் திரவ நைட்ரஜன் நிரப்புவது என் வேலை. தேவை தீர்ந்த செல்களைப் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிச் சாகடிப்பதும் நான்தான். "வளக்கறது நாங்க, கொல்றது அண்ணன்" என்று டாக்டரம்மா விளையாட்டாகச் சொல்வார்.

வந்த புதிதில் பாட்டில் மேல் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல் நல்ல தீனியைக் கொட்டிவிட்டேன். வேறு யாராவது என்றால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். டாக்டரம்மா என் மகள் வயதுக்குக் கொஞ்சம் மேலே. எனக்கு மகள் இல்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாட்டிலில் ஒட்டுகிற சின்னத் தாள்களில் எழுத்து எழுதிக் காட்டினார். தலை நரைத்த பிறகு நான் எழுதிய முதல் வார்த்தை 'கழிவு'. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "போதும்ணே, இனிமே நல்லத கொட்ட மாட்டீங்க" என்று சிரித்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தச் சிரிப்பில் வேறு யாருக்கும் பங்கில்லை.

ஒருமுறை நோயில்லாத நல்ல ஈறு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. பல்லோடு வருகிற ஈறை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே போய்ச் சொன்னேன். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன், கைநாட்டு இல்லை. என் செல் அந்தப் பெட்டியில் வளர்ந்தது. தினமும் காலையில் நீர் ஊற்றும்போது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பேன். வெறும் கண்ணுக்கு என்ன தெரியும், இளஞ்சிவப்புத் தண்ணீர்தான் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன். கொஞ்ச காலத்தில் அது பெருகுவதை நிறுத்திவிட்டது.

"நல்ல செல் அப்படித்தாண்ணே. ஒரு அளவோட ஒழுங்கா நின்னுடும். கெட்டதுதான் நிக்காம போகும்" என்று சொல்லித் தட்டை என் கையில் கொடுத்தார். கொல்கிறவன் நான்தானே. பிளீச்சிங் ஊற்றினேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

பெரியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர் என்பது ஆள் இல்லை, ஒரு செல். எப்போதோ செத்துப்போன யாருடைய நாக்கிலிருந்தோ எடுத்தது. அந்த ஆளின் பெயர் ஒருவருக்கும் தெரியாது, செல் மட்டும் இன்றுவரை சாகவில்லை. வெறி பிடித்த மாதிரி பெருகும். எந்த மருந்து வந்தாலும் பெரியவர் மேல்தான் முதலில் ஊற்றிப் பார்ப்பார்கள். வாய்ப்புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கிற இரண்டு மருந்தில், முதல் மருந்துக்குப் பொசுக்கென்று செத்துவிடுவார். இரண்டாம் மருந்துக்கு அசையமாட்டார். இது கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவர்கள் வரை எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

பெரியவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மெதுவாக வளர்கிற செல்களை முதலில் எடுத்து வேலையை முடித்து உள்ளே வைத்துவிட்டு, பெரியவரைக் கடைசியாகத்தான் திறப்பார்கள். அவருக்குத் தனித் தீனி பாட்டில். அவருடைய ஒரு துளி இன்னொருவர் பாட்டிலில் விழுந்தால் போதும், மெதுவாக வளர்வதை ஓரம்கட்டிவிட்டுத் தட்டு முழுக்க அவரே உட்கார்ந்துகொள்வார். "பெரியவர் விருந்துக்கு வந்தா, வீட்டுக்காரனையும் சேத்துச் சாப்பிட்டுத்தான் எழுந்திருப்பாரு" என்று புதிதாக வருகிறவர்களிடம் டாக்டரம்மா சொல்வார். நான் பக்கத்தில் பாட்டில் கழுவிக்கொண்டு பலமுறை கேட்டிருக்கிறேன்.

தம்பிக்குக் கன்னத்தின் உள்பக்கம் புண் வந்தது. பல் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது நான், எங்கள் கூடத்தை ஒட்டிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதும் நான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புற்று என்றார்கள். அதற்கு இரண்டு மருந்து உண்டு. வழக்கமாக இரண்டையும் சேர்த்தே ஏற்றுவார்கள். சேர்த்து ஏற்றினால் ஆள் துவண்டுபோவான், ஆனால் இரண்டில் ஏதோ ஒன்று வேலை செய்துவிடும். டாக்டரம்மாவின் ஆராய்ச்சியே இதில்தான். நோயாளியின் செல்லையே தட்டில் வளர்த்து, இரண்டு மருந்தையும் தனித்தனியாக ஊற்றிப் பார்த்து, எது கொல்கிறதோ அதை மட்டும் ஆளுக்குக் கொடுப்பது. வீணாக இன்னொரு விஷத்தை ஏற்ற வேண்டியதில்லை. தட்டில் செல் வளராமல் போய்விட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, பழையபடி இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிடாதீர்கள்.

தம்பி சம்மதித்தான். அவன் செல் தட்டில் ஒட்டிப் பிடித்ததும் டாக்டரம்மா அவனைக் கூடத்துக்கே கூப்பிட்டார். அவன் கடைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"எங்க டாக்டர் என் ஆளுங்க?"

"இந்தக் கண்ணாடியில கண்ண வெச்சுப் பாருங்க. அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க, தம்பி உக்காந்து பாக்கட்டும்."

நான் தள்ளிக்கொண்டேன். சக்கரம் வைத்த நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தியும் கொடுத்தேன்.

"அடேயப்பா, தள்ளுபடி விக்கற அன்னிக்குக் கடை வாசல்ல நிப்பாங்களே, அந்தக் கூட்டம். இதுல எனக்குக் கெடுதல் பண்றவன் யாரு?"

"எல்லாருமேதான்" என்றார் டாக்டரம்மா.

"அப்பச் சரி, சொந்தக்காரங்கதான்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அங்கே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நாற்காலியைத் தினமும் துடைக்கிறவன் நான். அதில் உட்கார்ந்ததில்லை. என் செல் வளர்ந்தபோது அந்தக் கண்ணாடியில் என்னைப் பார்க்கச் சொன்னதும் இல்லை. நான் கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்டிருந்தால் காட்டியிருப்பார், தங்கமான மனசு. நான் சொல்ல வருவதே அதைத்தான். எனக்கு எதுவும் கேட்டால் கிடைக்கும். அவனுக்குக் கேட்காமலே கிடைக்கும்.

"பெரியவருக்குத் துணையா சின்னவர் வந்துட்டாரு" என்று அன்றைக்கே அவன் செல்லுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அவன் போன பிறகு டாக்டரம்மா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "இது மட்டும் நல்லா பிடிச்சிட்டா, நிக்கவே நிக்காதுண்ணே. நாமெல்லாம் போன பிறகும் சின்னவர் இருப்பாரு."

என் செல்லைப் பற்றி அவருக்கு அப்போது ஞாபகம் இருந்திருக்காது.

வீட்டிலும் இதே கதைதான். தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அவனுக்கு ஒரு தட்டு இருந்தது, எதற்குக் கல்யாணம். வைத்தியம் முடியும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று என் மனைவி சொன்னாள். சோற்றைக் குழைத்து, ஆறவைத்து, ஸ்பூனால் கொடுப்பாள்.

"அண்ணி, இன்னும் நாலு நாள் இப்படி ஊட்டினீங்கன்னா அண்ணன் எனக்கு ஓட்டல் பில் போட்டுடுவாரு."

"போடட்டும், நான் கட்டறேன். நீங்க ஏங்க இங்கயே நின்னுகிட்டு? போய்ப் படுங்க. தம்பி ரெண்டு வாய் சாப்பிடட்டும்."

அவள் சிரித்த சத்தம் உள்ளறை வரை வந்தது. நானும் அவளும் ஒரே கூரைக்குக் கீழே இவ்வளவு காலம் இருந்திருக்கிறோம், அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. நான் தமாஷாகப் பேசுகிறவன் இல்லைதான்.

ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை எடுத்து என் காலருகே வைத்தான். சின்ன வயதிலும் அப்படித்தான் செய்வான், ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால்.

"அண்ணே, நீ அங்க இருக்கறதால எனக்குப் பயமே இல்ல. என் ஆளுங்களக் கொஞ்சம் பாத்துக்க."

"பாத்துக்கறேன்" என்றேன்.

சின்னவர் சரியாக வளரவில்லை. நாலைந்து திட்டாக ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தார். டாக்டரம்மா காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் பெட்டியைத்தான் திறப்பார். பார்த்துவிட்டு முகம் வாடிவிடும். முதல் வாரத்திலேயே கொஞ்சத்தை எடுத்து ஒரு சின்னக் குழாயில் உறையவைத்துவிட்டார், முழுதாகக் கெட்டுப்போனால் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று. மிச்சத்தை வைத்துக்கொண்டு பாடுபட்டார்.

"வளரலன்னா ரெண்டையும் சேத்துத்தான் குடுக்கணும்ணே. அவரு ஏற்கனவே எளைச்சுட்டாரு. உடம்பு தாங்குமோ என்னவோ" என்றார். கண் கலங்கியிருந்தது. அவனை அவருக்குத் தெரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டாக்டரம்மாவின் கவலையைத் தீர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தம்பி அந்த விஷத்தையெல்லாம் சேர்த்துத் தாங்க வேண்டாம் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை.

மறுநாள் காலையில் சின்னவரின் தீனி பாட்டில் வெந்நீர்த் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த தீனியை வெதுவெதுப்பாக்கித்தான் ஊற்றுவார்கள். அதை எடுத்து வைப்பதும் நான்தான். முந்தின வேலையில் மிஞ்சிய பெரியவர் ஒரு குழாயில் இருந்தார், நான் சாகடிப்பதற்காக வைத்திருந்தார்கள். பிளீச்சிங் ஊற்றுவதற்கு முன்னால் சொட்டுக்குழாயில் கொஞ்சம் உறிஞ்சி, சின்னவரின் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விட்டு மூடினேன். மூடியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பாட்டிலைத் திரும்ப வெந்நீரில் மிதக்கவிட்டேன். டாக்டரம்மா வந்து அந்தத் தீனியைத் தன் கையாலேயே சின்னவருக்கு ஊற்றினார்.

அதற்குப் பிறகு சின்னவர் எப்படி வளர்ந்தார் என்று உங்களுக்குத் தெரியும். தட்டு நிறைந்தது. கூழாங்கல் பதித்த தரை மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பெரியவரும் வாய்ப்புற்றுதான், பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. "உங்க கைராசிண்ணே, அன்னிக்கு நீங்க எடுத்து வெச்ச தீனிதான்" என்று டாக்டரம்மா என் தோளைத் தொட்டார். முதல் தடவை. அன்றைக்கு அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு மருந்தையும் ஊற்றினார்கள். முதல் மருந்துக்குத் தட்டு பொசுக்கென்று செத்தது. இரண்டாம் மருந்துக்கு அசையவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

எந்தச் செல் யாருடையது என்று ஊர்ஜிதம் செய்ய ஒரு சோதனை உண்டு, வெளியே அனுப்ப வேண்டும், நாளாகும். தம்பிக்குக் காத்திருக்க நேரமில்லை என்று டாக்டரம்மா அதைத் தள்ளிவைத்தார். இதை வேண்டுமானால் அசட்டை என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதமாட்டேன்.

தம்பிக்கு முதல் மருந்தை மட்டும் ஏற்றினார்கள். அவன் துவளவில்லை, முடிகூட அதிகம் கொட்டவில்லை. "பாத்தியாண்ணே, நம்ம டாக்டர் கெட்டிக்காரி" என்றான். மூன்று தடவை ஏற்றினார்கள். கட்டி கரையவில்லை, கழுத்துக்கு இறங்கியது. பிறகு இரண்டாம் மருந்தையும் ஆரம்பித்தார்கள், அதற்குள் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் அவனால் பேச முடியவில்லை. நான் கட்டில் பக்கத்தில் நின்றபோது விரலால் அந்தப் பல்லைத் தட்டிக் காட்டி, பிறகு என்னைக் காட்டினான். பணத்தைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். பரவாயில்லை என்று கையசைத்தேன்.

ஒன்று கேட்பீர்கள். அவன் மேல் அவ்வளவு ஆத்திரம் என்றால் தட்டில் ஒரு சொட்டு பிளீச்சிங் விட்டிருந்தால் போதுமே, சின்னவர் செத்திருப்பாரே, எதற்குப் பெரியவரைக் கொண்டுவர வேண்டும். நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். சின்னவர் செத்திருந்தால் தம்பிக்கு இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். யோசித்ததை அதோடு நிறுத்திவிட்டேன்.

அவன் போன பிறகு டாக்டரம்மா அந்தச் சோதனைக்கு அனுப்பினார். தட்டில் இருந்தது முழுக்கப் பெரியவர்தான் என்று வந்தது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, எங்கேயோ என் கைதான் தவறியிருக்கு. உங்க தம்பிக்கு நான் தப்பான மருந்து குடுத்துட்டேன். என்ன மன்னிச்சிடுங்க" என்று என் காலில் விழப் பார்த்தார். பிடித்துக்கொண்டேன். மன்னித்தேன் என்று சொன்னேன். என் மனைவியும் அவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். செத்த பிறகும் இரண்டு பேரும் அவனுக்காகத்தான் அழுதார்கள்.

வாசல்வரை போனவர் திரும்பி நின்று ஒன்று சொன்னார். "ஆரம்பத்துல உறைய வெச்ச குழாய் ஒண்ணு இருக்குண்ணே. அது கலப்படம் ஆகறதுக்கு முன்னாடி எடுத்தது, சுத்தமா உங்க தம்பிதான். விசாரணைக்கு வர்றவங்க முன்னாடியே அத வளத்து ரெண்டு மருந்தையும் போட்டுப் பாக்கப் போறோம். ரெண்டாவது மருந்து குடுத்திருந்தா பொழைச்சிருப்பாரான்னு ஓரளவு தெரிஞ்சிடும். எனக்குத் தண்டனை கிடைச்சாலும் சரி. உங்களுக்குத் தெரியணும்ல."

தொட்டிக்கு நைட்ரஜன் நிரப்புகிறவன் நான். சாவி என்னிடம்தான் இருக்கும். இன்றைக்குக் காலையில் நிரப்பினேன்.

அந்தக் குழாய் என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. எடுத்ததும் கையைச் சுட்டது, அவ்வளவு குளிர். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உறைந்தது உருகி வெளியே வேர்த்ததுதான் நீங்கள் பார்த்த ஈரம். நான் முதல் தாளை எழுத ஆரம்பித்தபோது இன்னும் சில்லென்றுதான் இருந்தது. இப்போது தொட்டுப் பார்க்கிறேன், என் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டது. பெட்டியிலும் இதே சூடுதான். தீனி ஒன்றுதான் இல்லை. உருகி இவ்வளவு நேரம் தீனி இல்லாமல் கிடந்தால் எதுவும் மிஞ்சாது. இதுவும் பக்கத்தில் நின்று கேட்டதுதான்.

இரண்டாம் மருந்து அவனைப் பிழைக்க வைத்திருக்குமா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அதனால் நான் அவனைக் கொன்றேன் என்றும் ஒருவராலும் சொல்ல முடியாது. செல்லைக் கலந்தது நான், அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி அவன் வியாதியில் போனான்.

டாக்டரம்மா மேல் தப்பில்லை. இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு நீளமாக நான் எழுதி அவர் பார்த்ததில்லை.

அந்த நாலாயிரத்து அறுநூற்று ஐம்பதை நான் தள்ளுபடி செய்துவிட்டேன். அண்ணன் தம்பிக்குள் என்ன கணக்கு.